குழந்தை இருக்கிறது என்று வீடு தர மறுத்தால்: அமெரிக்காவில் வாடகைக்கு வீடு தேடும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்போது எனக்கு ஏழாம் மாதம். மூத்தவனுக்கு மூன்று வயது. நியூ ஜெர்சியில் கணவரின் வேலைக்குப் பக்கமாக இரண்டு பெட்ரூம் வீடு தேடிக்கொண்டிருந்தோம். போனில் கேட்டபோது மூன்றாவது மாடியில் ஒன்று காலியாக இருக்கிறது, சனிக்கிழமை வந்து பாருங்கள் என்றார்கள். போனோம். லீசிங் ஆபீசில் இருந்த அம்மையார் சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். விண்ணப்பத்தில் யார் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்ற இடத்தில் கணவர் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். மகன் ஸ்ட்ரோலரிலிருந்து இறங்கி, கிண்ணத்தில் இருந்த மிட்டாய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் ரயில் மாதிரி அடுக்கினான். அந்த அம்மையார் அவனைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், படிவத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்த வீடு இன்று காலையில்தான் போனது. அது மட்டுமில்லை, பால்கனி வைத்த மாடி வீடு சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது. தரைத்தளத்தில் ஏதாவது காலியானால் கூப்பிடுகிறேன்" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். காரில் ஏறும்போது "நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார்" என்று நானே கணவரிடம் சொன்னேன். அவர்கள் கூப்பிடவே இல்லை.

அது சட்டப்படி தவறு என்று எனக்குத் தெரியவந்தபோது பதின்மூன்று மாதங்கள் ஓடிவிட்டன. அரசிடம் புகார் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போக இன்னும் நாள் இருந்தது. ஆனால் போய் என்ன சொல்வது? அந்த அம்மையாரின் பெயர் நினைவில் இல்லை, தேதி நினைவில் இல்லை, எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதையெல்லாம்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு தோழிகளுக்காக இதே விஷயத்தில் அலைந்து படித்தவள், அவ்வளவுதான்.

முதலில், சட்டம் யார் பக்கம்

அமெரிக்காவின் ஃபேர் ஹவுசிங் ஆக்ட் 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தானது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். 1974-ல் பாலினமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. குழந்தைகள் அந்தப் பட்டியலுக்குள் வர இன்னும் பதினான்கு வருடம் ஆனது.

அதுவரை "குழந்தைகளுக்கு அனுமதி இல்லை" என்று வாசலிலேயே போர்டு வைக்கலாம். 1980-ல் மத்திய அரசின் வீட்டுவசதித் துறைக்காக எடுத்த ஆய்வில், நாட்டின் வாடகை வீடுகளில் சுமார் நான்கில் ஒன்று குழந்தைகளைச் சேர்ப்பதே இல்லை என்று தெரிந்தது. சில மாநிலங்கள் முந்திக்கொண்டன. 1982-ல் மரீனா பாயின்ட் எதிர் உல்ஃப்சன் என்ற வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், பொதுவாகக் குழந்தைகள் சத்தம் போடுவார்கள் என்ற காரணத்துக்காக எல்லாக் குழந்தைகளையும் மொத்தமாக ஒதுக்க முடியாது என்று சொன்னது. குழந்தை பிறந்ததால் லீஸ் புதுப்பிக்கப்படாத ஒரு தம்பதியின் வழக்கு அது. பிறகு 1988-ல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு, "ஃபெமிலியல் ஸ்டேட்டஸ்", அதாவது குழந்தையுள்ள குடும்பம் என்ற நிலை, பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. 1989 மார்ச் 12 முதல் அது அமலில் இருக்கிறது.

யாருக்கெல்லாம் இந்தப் பாதுகாப்பு? 18 வயதுக்குக் கீழ் ஒரு பிள்ளையாவது கூட இருக்கும் பெற்றோருக்கு. சட்டப்படி பிள்ளையின் பொறுப்பை ஏற்றவர்களுக்கு. கர்ப்பிணிகளுக்கு. தத்தெடுக்கும் அல்லது பொறுப்பேற்கும் நடவடிக்கையில் இருப்பவர்களுக்கு. அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: பெற்றோர் எழுத்தில் அனுமதி கொடுத்து, அக்கா பிள்ளையோ அண்ணன் பிள்ளையோ உங்கள் வீட்டில் தங்கிப் படித்தால் உங்களுக்கும் இது பொருந்தும். நீங்கள் குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டா, ஹெச்-1பி விசாவா என்பது இதில் கேள்வியே இல்லை.

விதிவிலக்கு எவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. ஆரம்பத்திலேயே இதைப் பார்த்துவிட்டால் வீணான மனக்கஷ்டம் மிச்சம்.

முதியோருக்கான குடியிருப்புகள் சட்டப்படியே குழந்தைகளைத் தவிர்க்கலாம். குடியிருப்போர் அனைவரும் 62 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும். அல்லது, குறைந்தது 80 சதவீத வீடுகளில் 55 வயது நிரம்பிய ஒருவராவது இருந்து, அந்த நோக்கத்தை வெளிப்படையாக அறிவித்து, வயதைச் சரிபார்த்து நடத்த வேண்டும். "இது அமைதியான காம்ப்ளெக்ஸ், பெரியவர்கள்தான் அதிகம்" என்று சும்மா வாயால் சொல்வதெல்லாம் இதில் சேராது. 55 பிளஸ் குடியிருப்பா என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்றால், குழந்தைகளை மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

நான்கு வீடுகளோ அதற்குக் குறைவாகவோ உள்ள கட்டடத்தில் உரிமையாளரே ஒரு வீட்டில் குடியிருந்தால் மத்தியச் சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. மூன்று தனி வீடுகளுக்கு மேல் இல்லாத உரிமையாளர், புரோக்கர் இல்லாமல், பாகுபாடான விளம்பரம் செய்யாமல் தானே வாடகைக்கு விட்டாலும் அப்படித்தான். ஆனால் பல மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையானவை. கலிஃபோர்னியாவில், உரிமையாளர் தான் வசிக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரே ஒருவருக்கு அறை கொடுப்பது போன்ற மிகச் சிறிய விலக்குதான் உண்டு. அதனால் மத்தியச் சட்டத்தில் இடம் இல்லை என்றதும் விட்டுவிடாமல் மாநிலச் சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள்.

இந்த இடத்தில் நம்மவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வாடகைக்கு விட வீடு வாங்கிய தமிழர்கள் இப்போது நிறைய. வாட்ஸ்அப் குழுவில் "குழந்தை இல்லாத தம்பதிக்கு முன்னுரிமை" என்று போடுகிறார்கள். தம் வீடு, தம் இஷ்டம் என்று நினைக்கிறார்கள். உரிமையாளர் அதே கட்டடத்தில் குடியிருக்கும் விதிவிலக்கு வீட்டுக்குக்கூட விளம்பரத்தில் இப்படிச் சொல்லத் தடை உண்டு. தனி வீட்டை விடுபவர் இப்படி விளம்பரம் செய்தால் விதிவிலக்கையே இழந்துவிடுவார். ஒரே வீட்டுக்குள் அறையைப் பகிர்ந்துகொள்ள ரூம்மேட் தேடுவது வேறு கதை. தனி வீட்டை வாடகைக்கு விடும்போது இந்த வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் நகர்ந்து போகிறவளும் நம் வீட்டுப் பெண்தான்.

மறுப்பை அடையாளம் காண்பது

இதுதான் கடினமான படி. "உனக்குக் குழந்தை இருக்கிறது, வீடு கிடையாது" என்று முகத்துக்கு நேரே இப்போது யாரும் சொல்வதில்லை. மறுப்பு அக்கறையின் உடையில் வரும்.

"மாடிப்படி இருக்கிறது, குழந்தைக்கு ஆபத்து." "பக்கத்திலேயே ஏரி இருக்கிறது." "கீழ் வீட்டில் வயதானவர் இருக்கிறார், சத்தம் பிடிக்காது." "இந்த பில்டிங்கில் விளையாடப் பிள்ளைகளே இல்லை, உங்கள் பையனுக்குப் போரடிக்கும்." எல்லாம் கேட்க இதமாக இருக்கும். ஆனால் குழந்தைக்கு எது பாதுகாப்பு என்று முடிவு செய்வது பெற்றோர், வீட்டுக்காரர் இல்லை. பால்கனி கம்பி இடைவெளி அதிகம் என்று எச்சரிப்பதில் தவறில்லை. எச்சரித்துவிட்டு வீட்டையும் காட்ட வேண்டும்.

குடும்பங்களை எல்லாம் ஒரே பிளாக்குக்கோ தரைத்தளத்துக்கோ தள்ளுவதும் பாகுபாடுதான். இதை "ஸ்டியரிங்" என்பார்கள். வீடு கொடுத்தோமே என்று அவர்கள் வாதிடலாம். எந்த வீடு என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுடையது. எனக்கு நடந்தது இதுதான், கூடவே காலியாக இருக்கும் வீட்டை இல்லை என்று சொன்னதும் சேர்ந்திருக்கலாம். அதுவும் சட்டத்தில் தனியாகக் குறிப்பிட்டுத் தடுக்கப்பட்ட செயல்.

குழந்தை இருப்பதால் கூடுதல் டெபாசிட் கேட்பது தவறு. சுவரில் கிறுக்குவார்கள், கார்ப்பெட்டைப் பாழாக்குவார்கள் என்பதெல்லாம் காரணம் ஆகாது. சேதம் நடந்தால் எல்லோரிடமும் பிடிப்பதுபோல் டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே குழந்தைக்கு விலை வைக்க முடியாது.

பழைய வீடுகளில் இன்னொரு சாக்கு வரும்: ஈயம் கலந்த பெயின்ட். 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் அது இருக்க வாய்ப்பு உண்டு. சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். அப்படிப்பட்ட வீடுகளை வாடகைக்கு விடும்போது தெரிந்த விவரத்தை முன்பே சொல்ல வேண்டும் என்று 1992-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்கிறது. ஆனால் "ஈயம் இருக்கிறது, அதனால் குழந்தை உள்ளவர்களுக்குத் தரமாட்டேன்" என்று சொல்ல முடியாது. மாசசூசெட்ஸில், ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை குடியிருந்தால் ஈய அபாயத்தை நீக்குவது உரிமையாளரின் கடமை. அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காகக் குடும்பத்தை மறுத்தால் அதுவே சட்டமீறல்.

விளம்பரங்களைப் படிக்கும்போது ஒரு எளிய சோதனை. வரி வீட்டைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? "அமைதியான தெரு", "ஃபேமிலி ரூம் உண்டு" எல்லாம் வீட்டைப் பற்றியவை, பிரச்சினை இல்லை. "பெரியவர்கள் மட்டும்", "குழந்தைகள் வேண்டாம்" என்றால் ஆளைப் பற்றியவை. பார்த்தவுடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், தேதியும் இணைய முகவரியும் தெரிகிற மாதிரி. மறுநாள் அந்த வரி இருக்காது.

எத்தனை பேர் என்ற கேள்வி

நியாயமான மறுப்பும் நியாயமில்லாத மறுப்பும் மிகவும் பின்னிக் கிடக்கும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு வீட்டில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று வரம்பு வைக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. அந்த வரம்பு நியாயமாக இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மத்திய வீட்டுவசதித் துறையைச் சுருக்கமாக "ஹட்" என்பார்கள். அதன் தலைமை வழக்கறிஞர் 1991 மார்ச்சில் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது, கீட்டிங் மெமோ என்று பெயர். பெட்ரூமுக்கு இரண்டு பேர் என்பது பொதுவாக நியாயமான வரம்பு என்று அது சொல்கிறது. 1998-ல் ஹட் அதையே தன் கொள்கையாக வெளியிட்டது.

லீசிங் ஆபீசில் பெரும்பாலும் இந்த முதல் வரியை மட்டும் சொல்வார்கள். மெமோவின் உயிர் அடுத்த பகுதியில் இருக்கிறது. பெட்ரூம் எவ்வளவு பெரியது, வீட்டின் மொத்தப் பரப்பு எவ்வளவு, படிக்கும் அறை போன்ற கூடுதல் இடம் உண்டா, கழிவுநீர்க் குழாய் எவ்வளவு தாங்கும், உள்ளூர் விதி என்ன, பிள்ளைகளின் வயது என்ன என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறது. அதிலேயே ஒரு உதாரணம் உண்டு: ஒரு பெட்ரூம் வீட்டுக்கு அப்பா, அம்மா, கைக்குழந்தை என்று மூன்று பேர் வந்தால் மறுப்பது ஒரு விதம், அப்பா, அம்மா, பதின்ம வயதுப் பிள்ளை வந்தால் மறுப்பது வேறு விதம். தொட்டிலில் தூங்கும் குழந்தையை ஒரு முழு ஆளாக எண்ணி வெளியே அனுப்புவது சந்தேகத்துக்கு உரியது.

கலிஃபோர்னியாவில் பெட்ரூமுக்கு இரண்டு பேர், அதோடு மொத்த வீட்டுக்கும் கூடுதலாக ஒருவர் என்ற கணக்கு நடைமுறையில் இருக்கிறது. இரண்டு பெட்ரூமுக்கு ஐந்து பேர். உங்கள் ஊரில் கட்டட விதிகள் பரப்பை வைத்துக் கணக்கிடலாம். நகராட்சி அலுவலகத்தில் ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு லீசிங் ஆபீசுக்குப் போனால் பேச்சே மாறும்.

மூன்று விஷயங்களில் உடனே காது கொடுங்கள். பெட்ரூமுக்கு ஒருவர்தான் என்பது. பெரியவர்களுக்கு வரம்பு இல்லாமல் "குழந்தைகள் ஒருவர்தான்" என்பது. அப்புறம், அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் தூங்கக் கூடாது, அதனால் மூன்று பெட்ரூம் எடுங்கள் என்பது. யார் எந்த அறையில் தூங்குவது என்பது உங்கள் குடும்ப விஷயம்.

போனிலும் நேரிலும் பேசும் விதம்

குழந்தை இருக்கிறது என்று முந்திக்கொண்டு சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முதல் அழைப்பில் எந்த வீடு காலி, எந்த மாடி, வாடகை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் கேளுங்கள். பேசுபவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் "நீங்கள் சொன்ன வீட்டைச் சனிக்கிழமை 11 மணிக்குப் பார்க்க வருகிறோம்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அந்த வீடு காலியாக இருந்தது என்பதற்கு இந்த ஒரு வரியே பிறகு சாட்சியாகும்.

ஆனால் விண்ணப்பத்தில் பொய் எழுதாதீர்கள். குடியிருப்போர் பெயரைக் கேட்டால் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள். மறைத்தால், பொய்த் தகவல் கொடுத்தார் என்ற காரணத்தை அவர்கள் கையில் நாமே கொடுத்ததாகிவிடும். கர்ப்பத்தைச் சொல்ல வேண்டுமா என்று தோழிகள் கேட்பார்கள். நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை.

மறுப்பு வரும்போது கோபப்பட வேண்டாம், வாதாட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காரணம் என்னவென்று சொல்ல முடியுமா?" பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நாம் சங்கடத்தில், அவர்களுக்குப் பதிலாக நாமே காரணம் சொல்லிக் கொடுத்துவிடுவோம். நான் அன்று "ஆமாம், இவன் கொஞ்சம் துறுதுறுதான்" என்று சொன்னேன். அந்த வாக்கியம் இன்றும் உறுத்துகிறது.

அன்றே எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். அன்று இரவு, பிள்ளைகள் தூங்கியதும், ஒரு பக்கம்.

என் தோழி ஒருத்தி எழுதிய குறிப்பை அவள் அனுமதியோடு, அடையாளங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்: "வியாழன், மாலை 4.20. ஆபீசுக்குள் நான், கைக்குழந்தை, என் அத்தை. பேசியவர் பெயர்ப்பட்டையில் இருந்த பெயர் இது. கண்ணாடி போட்டவர், சுமார் ஐம்பது வயது. இரண்டாவது மாடி வீடு பற்றிக் கேட்டேன். 'குடும்பங்களை நாங்கள் பின்னால் உள்ள பிளாக்கில்தான் வைக்கிறோம்' என்றார். ஏன் என்று கேட்டேன். 'முன் பிளாக்கில் இருப்பவர்கள் தொட்டில் சத்தத்துக்குப் பழகாதவர்கள்' என்றார். 4.35-க்கு வெளியே வந்தோம். அத்தையும் கேட்டார்."

என்ன நினைத்தோம் என்று அதில் ஒரு சொல் இல்லை. நடந்ததும் சொன்னதும் மட்டும். அவர்கள் சொன்ன சொல் சொல்லாகவே, ஆங்கிலத்தில் சொன்னதை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். கூட இருந்தவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். அதை உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிட்டால் தேதி தானாகப் பதிவாகிவிடும். குறுஞ்செய்தி, வாய்ஸ்மெயில், போன் அழைப்புப் பட்டியல், விண்ணப்பக் கட்டண ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

பேச்சைப் பதிவு செய்யலாமா? இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சி, நியூ யார்க், டெக்சாஸ் போன்ற இடங்களில் பேசுகிறவர்களில் ஒருவரான உங்கள் சம்மதம் போதும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்தால் நீங்களே குற்றம் செய்தவராகிவிடுவீர்கள். சந்தேகம் இருந்தால் பதிவு வேண்டாம். பேனா போதும்.

எழுத்தில் கேளுங்கள்

மறுநாள் ஒரு சின்ன மின்னஞ்சல். குற்றம் சாட்ட வேண்டாம், சட்டப்பிரிவு எண்களைக் கொட்ட வேண்டாம். விஷயம் இவ்வளவுதான்: "நேற்று இந்த நேரத்தில் இன்ன வீட்டைப் பற்றிக் கேட்க வந்தோம். குழந்தை இருப்பதால் அந்த வீடு எங்களுக்குப் பொருந்தாது என்று சொன்னீர்கள். நாங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டோமா? அந்த வீடு இன்னும் காலியாக இருந்தால் விண்ணப்பிக்க விரும்புகிறோம். உங்கள் பதிலை எழுத்தில் தெரிவிக்கவும்."

இது சில சமயம் அங்கேயே பிரச்சினையைத் தீர்த்துவிடும். முன்னால் இருப்பவருக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம், மேலே இருக்கும் மேனேஜருக்குத் தெரிந்திருக்கும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் கையில் ஒரு காகிதம் சேர்கிறது.

சோதித்துப் பாருங்கள்

வீடு நிஜமாகவே போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? குழந்தை இல்லாத ஒரு நண்பரை அதே நாளில் அதே மாதிரி வீடு கேட்டுப் போன் செய்யச் சொல்லுங்கள். அவருக்கு மட்டும் "வந்து பாருங்கள்" என்றால் விஷயம் தெளிவு. நண்பரும் தன் குறிப்பை எழுதி வைக்க வேண்டும்.

இதைவிடப் பலமான வழி ஒன்று உண்டு. பெரும்பாலான பெருநகரப் பகுதிகளில் ஃபேர் ஹவுசிங் அமைப்புகள் இருக்கின்றன. லாப நோக்கம் இல்லாதவை, கட்டணம் வாங்குவதில்லை. பயிற்சி பெற்ற "டெஸ்டர்"களை அனுப்புவார்கள். ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி கேள்வி. ஒருவருக்குக் குழந்தை உண்டு, இன்னொருவருக்கு இல்லை. இரண்டு பேருக்கும் என்ன பதில் வந்தது என்று ஒப்பிடுவார்கள். இப்படிப் போகும் டெஸ்டர்களுக்கே வழக்குத் தொடரும் தகுதி உண்டு என்று 1982-ல் ஹேவன்ஸ் ரியால்டி எதிர் கோல்மன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் பலத்தில்தான் இந்த அமைப்புகள் நிற்கின்றன. சீக்கிரம் கூப்பிட வேண்டும். வீடு வேறு ஒருவருக்குப் போன பிறகு சோதிக்க ஒன்றும் இருக்காது.

புகார் கொடுப்பது

மூன்று கதவுகள் இருக்கின்றன.

ஹட்டிடம் கொடுத்தால், கடைசியாகப் பாகுபாடு நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். இணையத்தில் படிவம் நிரப்பலாம், கடிதம் எழுதலாம், அல்லது 1-800-669-9777 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

மாநில ஏஜென்சியிடம் கொடுக்கலாம். கலிஃபோர்னியாவில் சிவில் ரைட்ஸ் டிபார்ட்மென்ட், நியூ ஜெர்சியில் டிவிஷன் ஆன் சிவில் ரைட்ஸ். உங்கள் மாநிலத்துக்குத் தகுதி பெற்ற ஏஜென்சி இருந்தால் ஹட்டே புகாரை அங்கே அனுப்பிவிடும். கெடு வேறுபடும், கவனம். நியூ ஜெர்சியில் அந்த டிவிஷனிடம் நேராகப் போனால் 180 நாள்தான்.

மூன்றாவது, நேராகக் கோர்ட். மத்தியச் சட்டப்படி இரண்டு வருடம். ஹட்டிடம் புகார் நடந்துகொண்டிருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. ஜெயித்தால் உங்கள் வக்கீல் செலவை எதிர்த் தரப்பு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதனால் முன்பணம் கேட்காமல் எடுக்கும் வக்கீல்கள் கிடைப்பார்கள்.

புகார் பதிவானால் எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு போகும், பதில் கேட்பார்கள். 100 நாளில் விசாரணையை முடிக்க ஹட் முயல வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் இழுக்கும், மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். இடையில் சமரசப் பேச்சு நடக்கும். விருப்பமில்லாமல் யாரும் உங்களைக் கையெழுத்துப் போட வைக்க முடியாது. சமரசம் ஆகாமல், பாகுபாட்டுக்கு நியாயமான ஆதாரம் இருப்பதாக ஹட் முடிவு செய்தால் முறைப்படி குற்றச்சாட்டுப் பதிவு செய்யும். அப்போது ஹட்டுக்குள்ளேயே விசாரிக்கும் நிர்வாக நீதிபதியா, ஃபெடரல் கோர்ட்டா (மத்திய நீதிமன்றம்) என்று தேர்ந்தெடுக்க இரு தரப்புக்கும் 20 நாள் உண்டு.

கைவிட்டுப் போகும் நிலையில் இருக்கும் வீடு அதுதான் என்றால் முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். விசாரணை முடியும்வரை வீட்டை வேறு ஒருவருக்கு விடாமல் நிறுத்தி வைக்க நீதிமன்றத்தை நாடும் வழி சட்டத்தில் இருக்கிறது.

என்ன கிடைக்கும்? வீடு, அல்லது அதே மாதிரி வீடு. அதிக வாடகைக்கு வேறு இடத்தில் இருந்திருந்தால் அந்த வித்தியாசம். மன உளைச்சலுக்கும் இழப்பீடு உண்டு. நிர்வாக நீதிபதி விதிக்கும் அபராதம் முதல் தவறுக்கே 25,000 டாலருக்கு மேல் போகலாம், ஆனால் அது அரசுக்குப் போகும், உங்களுக்கு இல்லை.

விசாவில் இருக்கிறோம், புகார் கொடுத்தால் பிரச்சினை வருமா என்ற பயம் நம் குடும்பங்களில் எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கிறது. இது உரிமையியல் புகார், போலீஸ் வழக்கு இல்லை. புகார் கொடுத்ததற்காக மிரட்டினாலோ, பழிவாங்கினாலோ, புகார் கொடுத்தவருக்குச் சாட்சி சொன்னதற்காகத் தொல்லை கொடுத்தாலோ, அதுவே தனிச் சட்டமீறல். அப்படி ஏதாவது நடந்தால் அதையும் தேதி போட்டு எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.

ஏற்கெனவே குடியிருக்கும்போது

குழந்தை பிறந்ததும் நோட்டீஸ் வந்தால், லீஸ் புதுப்பிக்க மறுத்தால், மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும்.

விதிமுறைகளையும் படித்துப் பாருங்கள். "இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது" என்பது எல்லோருக்கும். "குழந்தைகள் வெளியே விளையாடக் கூடாது" என்பது குழந்தைகளுக்கு மட்டும். இரண்டாவதுதான் பிரச்சினை. நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் இருக்க வேண்டும் என்பதைப் பாதுகாப்பு என்று ஏற்கலாம். சனிக்கிழமை முழுக்கப் பெரியவர்களுக்கு மட்டும் என்றால் ஏற்க வேண்டியதில்லை.

கீழ் வீட்டுக்காரர் புகார்தான் தினசரித் தலைவலி. குழந்தை நடப்பதும், அழுவதும், ஓடுவதும் வாழ்க்கையின் சத்தங்கள். ஆனால் நள்ளிரவில் டிவி அலறினால் குழந்தை இருக்கிறது என்ற கேடயம் உதவாது. ஒவ்வொரு எச்சரிக்கைக் கடிதத்துக்கும் அன்று அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று பணிவாக எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் இல்லாத மூன்று கடிதங்கள் சேர்ந்தால் வெளியேற்றும் நோட்டீசுக்கு அதுவே அடித்தளமாகும்.

பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வருவது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பது. ஆறு மாதம் தங்குவார்கள். இந்தச் சட்டம் குழந்தையைத்தான் பாதுகாக்கிறது. வந்து தங்கும் பாட்டியை லீசில் உள்ள விருந்தினர் விதிதான் கட்டுப்படுத்தும். பல லீஸ்களில் 14 நாளுக்கு மேல் தங்கினால் முன் அனுமதி வேண்டும் என்று இருக்கும். டிக்கெட் போடும்போதே மேனேஜருக்கு எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால், குழந்தையைச் சொல்லி அனுப்ப முடியாதவர்கள் பாட்டியைச் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள்.

அந்தக் குறிப்பு எழுதிய தோழி, ஃபேர் ஹவுசிங் அமைப்பு மூலமாக மாநில ஏஜென்சிக்குப் போனாள். சமரசத்தில் முடிந்தது. குடும்பங்களைப் பின் பிளாக்கில் வைக்கும் வழக்கத்தை எழுத்தில் கைவிட்டார்கள், ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். அவளுக்கு முன் பிளாக்கில் இரண்டாவது மாடி வீடு கிடைத்தது. போன வாரம் போயிருந்தேன். பால்கனி கம்பி இடைவெளியில் அவளே வலை கட்டியிருக்கிறாள், அதன் பின்னால் அவள் பெண் உட்கார்ந்து கீழே போகிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.